பழைய டிராக்டருக்கு என்ன விலை?

இளம்பிள்ளை என்றதும் புடவைதான் ஞாபகத்துக்கு வரும். தெருவுக்குத் தெரு தறிச்சத்தம். ஆனால் ஊரைத் தாண்டி கஞ்சமலைப் பக்கம் போனால் குச்சிக்கிழங்கும் கடலைக்காயும் விளையும் மேட்டாங்காடுகள். அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், 14 வருடம் ஓட்டிய டிராக்டரை விற்க முடிவெடுத்தார். மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் பாக்கி. வண்டியும் கிளட்ச், ஹைட்ராலிக் என்று வரிசையாகச் செலவு வைத்தது.

“போன மாசம் சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டேகால் வாங்கித் தந்திருப்பேங்ணா. இப்ப புது வண்டிக்கே வரி குறைஞ்சிருச்சு” என்றார் புரோக்கர்.

அதில் பாதி உண்மை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி சேராமல் 7 லட்ச ரூபாய் வண்டி என்றால் 49 ஆயிரம் மிச்சம். வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே செய்யும்? மீதிப் பாதி, புரோக்கரின் தொழில்!

சங்ககிரிப் பக்கமிருந்து ஒருவர் விடியற்காலையிலேயே வந்தார். வந்ததும் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தார். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்ற சந்தேகம். ஆயில் மூடியைத் திறந்து புகை வருகிறதா என்று பார்த்தார். கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, காபி குடித்து வந்து அது இறங்கியிருக்கிறதா என்று அளந்தார். விரல்கடை அளவு இறங்கியிருந்தது.

“சேத்து உழவு ஓட்டின வண்டிங்களா?”

“இல்லீங்க, மேட்டாங்காடு மட்டுந்தான்.”

அந்த ஒரு பதிலுக்கு விலை கொஞ்சம் ஏறியது. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்ததும் மறுபடி இறங்கியது. கடன் அடைத்துப் பல வருடமாகியும் ஃபைனான்ஸ் பெயர் அதில் அப்படியே இருந்தது. கடைசித் தவணை கட்டியதோடு பலரும் மறந்துவிடுகிற வேலை இது. ஃபைனான்ஸில் கடன் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, 35-ம் நம்பர் படிவத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால்தான் அந்தப் பெயர் நீங்கும்.

அதை முடித்து, பெயர் மாற்றத்துக்கும் கையோடு எழுதிக் கொடுக்க வைத்தது மனைவிதான். விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் நஷ்டஈடு அவர் தலையில்தான்.

இரண்டு லட்சத்து ஐந்தாயிரத்துக்கு வண்டி போனது. கலப்பையை மட்டும் அவர் தரவில்லை.

“வண்டியே இல்லாம கலப்பை எதுக்குங்க?” என்று மனைவி கேட்டார்.

“வாடகை வண்டி வந்தா மாட்டிக்கலாம்ல.”

ஃபீஸ் கட்டியாயிற்று. ஐப்பசி மழை பெய்த மறுநாளே வாடகை டிராக்டருக்குப் போன் செய்தார். ஈரம் காய்வதற்குள் உழவேண்டுமே! ஊரே அதே வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தது. மூன்றாம் நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.