தோற்றவன் பங்கு

நம் சங்கத்தின் மேசைப்பந்துப் போட்டிக்கு இவ்வாண்டு 6,000 ரூபாய் சேர்ந்தது அன்பர்கள் பலருக்கும் தெரியும். அதை எப்படிப் பங்கிடுவது என்று செயற்குழுவில் ஒன்றரை மணி நேரம் நடந்த வாக்குவாதம் தெரியாது. அன்று நான் சொன்ன யோசனையைக் கேட்டுச் சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. சிரித்தவர்களுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

சென்ற தை மாதம், இந்தத் தில்லிக் குளிர் எலும்பைத் தொடும் நாளில், கோவையிலிருந்து ஓர் அண்ணன் என் விடுதி அறைக்கு வந்து சேர்ந்தார். என் பள்ளித் தோழனுக்கு ஒன்றுவிட்ட தமையன். எனக்கு அதுவரை முகம் தெரியாது. தோளில் ஆறு மட்டைகள் அடங்கிய பெரும்பை, கையில் ஒரு துணிப்பை. டென்னிஸ் ஆடுவதே அவருக்குத் தொழில். இங்கே நடக்கும் 15,000 டாலர் பந்தயத்துக்கு வந்திருக்கிறார். ஓட்டலில் தங்கக் கட்டுபடியாகாது. ஒரு வாரம் தரையில் படுக்க இடம் கொடுத்தால் போதும் என்று தோழன் எழுதியிருந்தான். விடுதிக் காப்பாளரிடம் அனுமதி வாங்கினேன். 15,000 டாலர் என்றதும், கோடீசுவரர் ஒருவர் என் அறையில் பாய் விரிக்கப் போகிறார் என்ற பெருமை எனக்கு!

முதல் இரவே அவர் சொன்னார்: "தம்பி, நான் நேரத்தோட தூங்கிருவேனுங்க. விளக்கை மட்டும் அணைச்சுட்டு நீங்க பாட்டுக்குப் படிங்க."

அந்த 15,000 டாலர் முழுவதும் ஒருவருக்கே என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் அதைக் கேட்டு நகைக்கவில்லை. என் உணவு விடுதிச் சீட்டை வாங்கி அதன் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். ஒற்றையர் ஆட்டத்தில் வாகை சூடுபவருக்கு 2,160 டாலர். இறுதி ஆட்டத்தில் தோற்பவருக்கு 1,272. அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் ஆளுக்கு 752; காலிறுதியில் தோற்கும் நால்வருக்கு 438; இரண்டாம் சுற்றில் தோற்கும் எண்மருக்கு 258; முதல் சுற்றிலேயே தோற்கும் பதினாறு பேருக்கு ஆளுக்கு 156. எஞ்சியது இரட்டையருக்கு. அங்கே வென்ற இணைக்கு 930 டாலர். அதையும் இருவர் பங்கிட வேண்டும். தகுதிச் சுற்றில் தோற்பவனுக்கு ஒரு காசும் இல்லை. அண்ணன் இருந்தது அந்தத் தகுதிச் சுற்றில்தான்.

156 டாலர் என்பது நம் பணத்தில் ஏறத்தாழ 13,000 ரூபாய். கோவையிலிருந்து வந்து போகும் வண்டிச் சத்தம், சாப்பாடு, அன்றாடம் ஒரு மட்டைக்காவது நரம்பு மாற்றும் கூலி, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். என் அறை இலவசமாக இருந்தும் கணக்கு உதைத்தது.

"அப்படியானால் எதற்கு அண்ணா வருகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"புள்ளிக்குத் தம்பி" என்றார். இரண்டாம் சுற்றில் தோற்றாலும் உலகத் தரவரிசையில் ஒரு புள்ளி உண்டு. முதல் சுற்றில் தோற்றால் பணம் மட்டும், புள்ளி இல்லை. புள்ளிகள் சேர்ந்தால்தான் அடுத்த படியில் உள்ள சேலஞ்சர் பந்தயங்களுக்குள் நுழைய முடியும். இந்த ஆண்டோடு பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி சொல்லித்தரும் வேலைக்குப் போய்விடுவதாகத் தம் தந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அவர் உறங்கிய பின், இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தில் எனக்குக் கணக்குப் பித்துப் பிடித்தது. விம்பிள்டனில் 2024-ஆம் ஆண்டு பகிர்ந்த பரிசுப் பணம் 5 கோடி பவுன். ஒற்றையர் வாகையருக்கு 27 இலட்சம். இரண்டாமவருக்கு 14 இலட்சம். அதன்பின் படிப்படியாக இறங்கி, முதல் சுற்றில் தோற்பவருக்கு 60,000 பவுன். ஏறத்தாழ பாதி பாதியாகத்தான் அங்கேயும் படிகள் இறங்குகின்றன. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். முதல் சுற்றில் தோற்கும் ஆடவர் 64 பேர். அவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்குவது 38 இலட்சத்து 40 ஆயிரம் பவுன். வாகையர் ஒருவர் பெறுவதைவிட அதிகம்! எங்கள் சின்னப் பந்தயத்திலும் அப்படியே: பதினாறு பேர் சேர்ந்து 2,496 டாலர், வென்றவருக்கு 2,160. இன்னும் சொன்னால், விம்பிள்டன் வாகையர் முதல் சுற்றில் தோற்றவரைப் போல் 45 மடங்கு வாங்குகிறார். இங்கே 14 மடங்குகூட இல்லை. பங்கீட்டில் ஏழை வீட்டில்தான் நேர்மை கூடுதல்.

குறை பங்கீட்டில் இல்லை, பானையில் இருக்கிறது. விம்பிள்டனில் 2024-இல் முதல் நாளே தோற்று வீடு திரும்பியவருடைய 60,000 பவுன், அண்ணன் ஆடும் பந்தயம்போல் ஐந்தின் முழுப் பணத்துக்குச் சமம். அங்கே அவ்வாண்டு தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்குக்கூட 15,000 பவுன். அதுவே எங்கள் பானை முழுவதையும்விடப் பெரிது. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டின் கணக்கை ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் கூலியைச் சேர்க்காமலே, ஆடவரில் 336-ஆம் இடத்துக்கும் பெண்டிரில் 253-ஆம் இடத்துக்கும் கீழே உள்ளவர் கைப்பணத்தைப் போட்டுத்தான் ஆடுகிறார் என்று கண்டது. 2024 முதல் ஆடவர் சங்கமான ஏ.டி.பி., முதல் 250 இடங்களில் இருப்பவர்களுக்கு ஆண்டு வருமானத்தில் ஒரு குறைந்த அளவை உறுதி செய்யத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். அண்ணனின் எண் ஆயிரத்தைத் தாண்டியது.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நம் இராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்தப் படிக்கு 7 இலட்சத்து 15 ஆயிரம் பவுன். அன்று கௌரவம் மட்டும். அமெச்சூர்களே ஆடலாம், பணம் வாங்குவது இழுக்கு என்பது விதி. 1968-இல் அந்த விதி உடைந்தது. முதல் பரிசுப் பணமான 2,000 பவுனைப் பெற்றவர், 1961-இல் கிருஷ்ணனை அரையிறுதியில் வென்ற அதே ராட் லேவர். பெண்கள் பிரிவில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்குக் கிடைத்தது 750. அந்த வேற்றுமை அமெரிக்கப் பந்தயத்தில் 1973-இலும் விம்பிள்டனில் 2007-இலும்தான் நீங்கியது.

காலையில் என் ஆராய்ச்சியை அண்ணனிடம் சொன்னேன். அவர் பல் துலக்கிக்கொண்டே, "தோக்கறதுக்கும் அங்க சட்டம் இருக்குங்க தம்பி" என்றார். தோற்றவனுக்கும் பெரும்பணம் என்றால், காலில் அடிபட்டவனும் களத்தில் வந்து நின்று, நான்கு பந்து ஆடிவிட்டுப் பணத்தோடு போவான் அல்லவா? 2017 விம்பிள்டனில் முதல் சுற்றில் ஆடவர் ஏழு பேர் பாதி ஆட்டத்தில் விலகினார்கள். அதனால் 2018 முதல் புது விதி: காயம்பட்டவர் முன்கூட்டியே விலகினால் முதல் சுற்றுப் பணத்தில் பாதி அவருக்கு; மறுபாதி அவருக்குப் பதிலாக நுழைபவருக்கு. ஏனோதானோவென்று ஆடினால் தண்டம். 2019-இல் பெர்னார்டு டோமிக் முதல் சுற்றில் 58 நிமிடத்தில் தோற்றுப் போனதற்கு அவருடைய 45,000 பவுனையும் தண்டமாகப் பிடித்தார்கள். "156 டாலருக்கு எவனும் நடிக்க மாட்டானுங்க" என்று சொல்லி வாய் கொப்பளித்தார்.

அண்ணன் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டமும் வென்றார். அந்த மூன்று வெற்றிக்கும் சல்லிக்காசு வரவில்லை. முதல் சுற்றுக்குள் நுழைந்தார், அவ்வளவுதான். அன்றிரவு கொண்டாட்டமாக இரண்டு தேநீர் குடித்தோம்.

அறைக்குத் திரும்பியதும் அவர் கைப்பேசியில் ஒரு செய்தி. முன்பின் தெரியாத யாரோ. நாளை இரண்டாவது செட்டை மட்டும் தோற்றுக் கொடுத்தால் 3,000 டாலர். முதல் செட்டையும் மூன்றாவதையும் தாராளமாக வெல்லலாம், ஆட்டத்தையே வெல்லலாம். செட் ஒன்று போதும்.

பந்தயத்தை முழுதும் வென்றாலே 2,160. செட் ஒன்றைத் தோற்றால் 3,000.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "சீ, விடுங்கள் அண்ணா" என்று சொல்லவில்லை. என் மனம் டாலரை ரூபாயாக்கிக்கொண்டிருந்தது. அவர் தரையில் ரஜாயைப் போர்த்தி உட்கார்ந்து, கைப்பேசியைக் கால் மணி நேரம் பார்த்தபடி இருந்தார். நான் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை. பிறகு அவர் அந்தச் செய்தியைப் படம் பிடித்து, டென்னிஸ் நேர்மையைக் கண்காணிக்கும் பன்னாட்டு முகமைக்கு அனுப்பினார். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, "எழுத்துப் பிழை இருக்குதா பாருங்க" என்று என்னிடம் நீட்டினார். அனுப்பாவிட்டால் அதுவே குற்றமாம். ஒரு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அந்த அளவுக்குத்தான் இந்தக் கதையில் என் பங்கு.

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்கப் போனேன். பார்வையாளர் என்னோடு பதினோரு பேர். முதல் செட்டை 6–4 என்று வென்றார். இரண்டாவது செட்டில் அவருடைய முதல் சர்வீசு வலையில் விழத் தொடங்கியது. 0–3. பின் 1–5. 2–6.

அன்பர்களே, நான் அவரைச் சந்தேகித்தேன். என் கண்முன் செய்தி அனுப்பியவரை, என் கையால் பிழை திருத்தி அனுப்பியவரைச் சந்தேகித்தேன். ஒவ்வொரு பந்து வெளியே விழும்போதும், இது தானாக விழுந்ததா, விழ வைத்ததா என்று பார்த்தேன். அவர் ஒருமுறை துவாலையால் முகம் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் தலை குனிந்து கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

மூன்றாவது செட் 4–6. தோற்றார்.

நாங்கள் திரும்பி நடக்கும்போது அவரே சொன்னார்: "ரெண்டாவது செட்டு போகப் போகப் பயந்துட்டேன் தம்பி. இவன் வாங்கிட்டான்னு யாராச்சும் நினைப்பாங்களோன்னு நினைச்சேன். அப்புறம் கையே வரலை." நான் ஒன்றும் பேசவில்லை. மெட்ரோ நிலையம் வரை அவருடைய மட்டைப் பையை நான் சுமந்தேன். அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

156 டாலர் அவருக்கு வந்தது. புறப்படும் நாளில் அதிலிருந்து என் உணவு விடுதிக்கு விருந்தினர் சீட்டுப் பணத்தைக் கணக்காக எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். "இது தோத்த காசில்லைங்க, ஆடின காசு" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது செயற்குழுவுக்கு வருகிறேன். பதினாறு பேர் ஆடும் போட்டி. வென்றவருக்கு 4,000, அடுத்தவருக்கு 2,000 என்பது செயலாளர் தீர்மானம். நான் எழுதிக் கொண்டுபோன பட்டியல் இது: வாகையருக்கு 1,800, இரண்டாமவருக்கு 1,000, அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் 500, காலிறுதி நால்வருக்கு 250, முதல் சுற்றில் தோற்கும் எண்மருக்கு 150. கூட்டினால் 6,000 சரியாக வரும். "தோற்றவனுக்குச் சம்பளமா?" என்றார் ஒருவர். "இவர் முதல் சுற்றில் தோற்கப் போகிறவர், அதுதான் இந்தக் கரிசனம்" என்றார் செயலாளர். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு என்று என் பட்டியல் விழுந்தது. செயலாளரின் சோதிடம் பலித்ததையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் சுற்றில் தோற்றேன், அதுவும் அவரிடமே.

கிளப் வேலையை அண்ணன் இன்னும் ஏற்கவில்லை. போன வாரம் வேறோர் ஊர்ப் பந்தயத்திலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். வாழ்த்தும் இல்லை, வணக்கமும் இல்லை; 258 என்று ஓர் எண் மட்டும்.