அப்பாவும் அப்பாச்சியும்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ பாட்டி கதைன்னு ஈழத்து நண்பர்கள் யாராவது ஓடி வந்திருந்தா மன்னிக்கணும். உங்களுக்கு அப்பாச்சின்னா அப்பாவைப் பெத்தவங்க, எங்க ஊர்ப்பக்கம் அவங்க அப்பத்தா. இங்கே அப்பாச்சின்னு சொல்றது வெப் சர்வரை. ஆனா பாட்டியும் கடைசியில வருவாங்க, பொறுமையா படிங்க.

அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துல ஆரம்பப்பள்ளி வாத்தியார். ரிடையர் ஆனதும் சும்மா இருக்கப் பிடிக்காம, ஊர்ல புழங்குற சொல்லையெல்லாம் நோட்டுல எழுத ஆரம்பிச்சார். சொல், அர்த்தம், அதைச் சொன்னவர் யாருன்னு மூணு கட்டம். அஞ்சு நோட்டு சேர்ந்துச்சு. அதுல ஒண்ணைக் கரையான் தின்னுடுச்சு. அன்னைக்கு அவர் முகத்தைப் பார்த்துட்டுத்தான் மிச்சம் நாலு நோட்டையும் நான் தட்டச்ச ஆரம்பிச்சேன். ஆபீஸ்ல ஆணி பிடுங்குன நேரம் போக ரெண்டு வருசம் ஆச்சு. 2,300 சொல், ஒரே டெக்ஸ்ட் ஃபைல்.

2018 நவம்பர்ல அப்பாவுக்கு கண்ல ஆபரேசன்னு நாள் குறிச்சாங்க. சர்க்கரை செஞ்ச வேலை. திங்கட்கிழமை மதுரைக்குப் போகணும். "அதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துட்டாத் தேவலை"ன்னு சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் சனிக்கிழமை ராத்திரி உக்காந்தேன்.

பைத்தான்ல ஃபிளாஸ்க் வச்சு சின்னதா ஒரு தேடுபெட்டி எழுதியிருந்தேன். என் பொட்டியில வெண்ணெயா ஓடுச்சு. அதை வாடகை சர்வர்ல ஏத்தணும், அவ்வளவுதானேன்னு நினைச்சேன். அந்த சர்வர்ல உபுண்டு 16.04, அப்பாச்சி 2.4. ஏற்கெனவே மச்சானோட ஹார்டுவேர் கடைக்கான தளம் அதுல ஓடிட்டு இருந்துச்சு.

ஒரே ஐபி முகவரியில ரெண்டு தளம் எப்படின்னு கேக்கறவங்களுக்கு: பிரவுசர் பக்கத்தைக் கேக்கும்போதே எந்தத் தளம் வேணும்னு 'ஹோஸ்ட்'டுங்கிற வரியில பேரையும் சொல்லிடும். அப்பாச்சி அந்தப் பேரை ஒவ்வொரு விர்ச்சுவல் ஹோஸ்ட்லயும் இருக்கிற 'சர்வர்நேம்' வரியோட ஒப்பிட்டுப் பார்த்து, சரியான வீட்டுக்கு அனுப்பி வைக்கும். ஒரே காம்பவுண்டுக்குள்ள நாலு குடித்தனம் மாதிரி.

ஃபைலை எழுதி, சைட்ஸ்-எனேபிள்ட்ல சேர்த்து, அப்பாச்சியை ரீலோட் பண்ணி, ஆர்வக்கோளாறுல உடனே அப்பாவுக்கு போன் அடிச்சேன்.

"என்னய்யா, குழாய் விக்கிற கடையில வருது?"

மச்சானோட பிவிசி பைப்! சர்வர்நேம் வரியில ஒரு எழுத்தை விட்டுட்டேன். பேர் எதோடயும் பொருந்தலைன்னா அப்பாச்சி கதவைச் சாத்தாது, முதல்ல படிச்ச ஹோஸ்ட்டைக் காட்டிடும். ஃபைல்களை அகர வரிசையில படிக்கிறதால 'கடை' முதல்ல, 'சொல்' அப்புறம். எந்தப் பேருக்கு எந்த ஃபைல்னு பட்டியல் போட அப்பாச்சியிலயே ஒரு கட்டளை இருக்கு. அதை ஓட்டிப் பார்த்ததும் என் லட்சணம் தெரிஞ்சுடுச்சு.

திருத்துனா அடுத்து 403, உள்ள வராதேன்னு. நான் காப்பி அடிச்சது பழைய 2.2 காலத்து 'ஆர்டர் அலோ டினை' வரி. 2012ல வந்த 2.4ல 'ரிக்வயர் ஆல் கிராண்டட்'னு சொன்னாத்தான் அனுமதி. அதுவும் சரி பண்ணியாச்சு. இப்ப 500.

அப்பாச்சிக்கு பைத்தான் தெரியாது. நடுவுல மாட்-டபிள்யூஎஸ்ஜிஐன்னு ஒரு தரகர் வேணும். அவர் நம்ம ஃபைலைத் திறந்து 'அப்ளிகேசன்'ங்கிற பேரைத் தேடுவார். நான் வச்ச பேர் 'ஆப்'. மாத்தினேன். அப்புறம் டெக்ஸ்ட் ஃபைலைக் காணோம்னார். நான் வெறும் ஃபைல் பேரை மட்டும் குடுத்திருந்தேன். என் பொட்டியில நான் அந்த ஃபோல்டருக்குள்ள நின்னு ஓட்டினேன், இவர் வேற எங்கயோ நின்னு தேடுறார். முழு பாதையும் எழுதினேன்.

மணி ரெண்டரை. மறுபடியும் 500. எரர் லாகைத் திறந்து பார்த்தா, 'ஆஸ்கி'யால இந்த பைட்டைப் படிக்க முடியலை, இடம் 0. பைட்டோட மதிப்பு 224.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு இருந்தேன். யூடிஎஃப்-8ல தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், அதுல முதல் பைட் எப்பவும் 224. ஆஸ்கிக்குத் தெரிஞ்சது 127 வரைக்கும்தான். அதாவது, அப்பாவோட முதல் சொல்லோட முதல் எழுத்தோட முதல் பைட்டிலயே சர்வர் கையை விரிச்சுடுச்சு. "நம்ம பேச்செல்லாம் மிஷின்ல ஏறாதுய்யா"ன்னு அப்பா ஆரம்பத்துல சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்ப சிரிச்சேன். இப்ப சிரிப்பு வரலை.

காரணம் இதுதான். நான் டெர்மினல்ல லாகின் பண்ணும்போது என் மொழி அமைப்பும் கூடவே வந்துடும், அதுல யூடிஎஃப்-8 இருக்கு. அப்பாச்சி நானா இல்லை, அது வேற ஒரு யூசரா ஓடுது. உபுண்டுல அதோட என்விவார்ஸ் ஃபைல்ல மொழி 'சி'ன்னு எழுதியிருக்கும். 'சி'ன்னா மொழியே இல்லைன்னு வச்சுக்கலாம். அதுக்குக் கீழயே, சிஸ்டத்தோட மொழியை எடுத்துக்கோன்னு ஒரு வரி கமெண்ட்டா தூங்கிட்டு இருக்கும். அந்த ஹாஷைத் தட்டிவிட்டேன். நம்பிக்கை இல்லாம, பைத்தான்ல ஃபைலைத் திறக்கிற இடத்துலயும் யூடிஎஃப்-8னு எழுதி வச்சேன். அப்பாச்சியை முழுசா நிறுத்திட்டு மறுபடி கிளப்பினேன்.

வந்துச்சு. 2,300 சொல்லும் வந்துச்சு. ஒத்தை ஆளா பெட்ரூம்ல ஒரு ஆட்டம் போட்டதுல தங்ஸ் எந்திரிச்சு முறைச்சாங்க, அவ்வ்வ்.

யோசிச்சுப் பார்த்தா அன்னைக்கு வந்த தப்பு முக்காவாசியும் ஒரே தப்புதான். எங்க நிக்கிறேன், யாருக்கு அனுமதி, என்ன மொழி, இதெல்லாம் என் பொட்டியில நான் சொல்லாமலே நடந்துச்சு. வெளியில போனா ஒவ்வொண்ணையும் வாயைத் திறந்து சொல்லணும். வீட்டுக்குள்ளயே புழங்குறதால யாரும் எழுதி வைக்காம விட்ட சொல்லைத்தானே அப்பாவும் உக்காந்து எழுதினார்?

ஞாயிறு காலையில போன் பண்ணேன். தம்பி பையன் எழுத்தைப் பெருசாக்கிக் குடுத்தான். அப்பா தேடச் சொன்ன முதல் சொல் 'வெஞ்சனம்'. மெதுவா வாய்விட்டுப் படிச்சார்.

"வெஞ்சனம். சோத்துக்குத் தொட்டுக்கிடுறது. சொன்னவர், எங்கம்மா."

அப்புறம் பேச்சே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டார்.

"கரையான் தின்ன நோட்டுல இருந்ததுல கொஞ்சம் ஞாபகம் இருக்கு. சொன்னா சேத்துக்கிடுமா?"

சேத்துக்கிடும்பான்னேன். ஆபரேசனுக்கு மதுரை போற வழியில பஸ்ல இருந்தே பன்னெண்டு சொல் சொன்னார்.

பி.கு: உபுண்டு 16.04க்கான வழக்கமான ஆதரவு 2021லயே முடிஞ்சது, புதுசா ஏத்தறவங்க அதைத் தொடாதீங்க. பைத்தான் 3.7க்கு அப்புறம் இந்த 'சி' தொல்லையும் பெரும்பாலும் குறைஞ்சிருக்கு. இருந்தாலும் ஃபைலைத் திறக்கும்போது யூடிஎஃப்-8னு ஒரு வார்த்தை எழுதிடுங்க மக்கா.