ஓரியூர் மண்ணும் லிஸ்பன் மாடிப்படியும்

(லிஸ்பன் பயணம் – 4)

லிஸ்பனில் சாப்பிட உட்கார்ந்தால், கேட்காமல் மேசைக்கு வரும் எதையும் தொடாதீர்கள். ரொட்டி, ஒலிவக்காய், சின்னதாக ஒரு பாலாடைக்கட்டி, டப்பியில் மீன் விழுது எல்லாம் வரும். சர்வர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போவார். இலை போட்டதும் ஓரத்தில் ஊறுகாய் வைப்பதுபோல என்று நமக்குத் தோன்றும். அது அப்படியல்ல. 'கூவேர்' என்று அதற்குப் பெயர், தனிக் காசு.

கத்தோலிக்க இளையோர் கூடும் உலக இளையோர் நாளுக்காகத்தான் லிஸ்பன் போயிருந்தோம். அதற்குப் பதிவு செய்த யாத்திரிகர்களுக்கு நகரத்து உணவகங்களில் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. ஆனால் அன்றைக்கு எங்கே போனாலும் தெருமுனைவரை வரிசை. பசி தாங்காமல், கையிலிருந்த யூரோக்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். சுட்ட சாளை மீன் சொன்னோம். யாரோ ஏற்கெனவே எச்சரித்திருந்ததால், வைத்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எங்களில் ஒருவரும் தொடவில்லை. பில் வந்தபோது தலைக்கு ஒரு கூவேர் ஏறியிருந்தது.

எங்களோடு வந்த சிஸ்டர் அதிர்ந்து பேசாதவர். அன்று தட்டைத் தூக்கிக் காட்டினார். "தொடவே இல்லையே, பாருங்க." சர்வர் மெனு அட்டையின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். சிஸ்டர் தட்டைக் காட்ட, அவர் அட்டையைக் காட்ட, இப்படியே போனது. எங்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. அவர் வேறு மொழி எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பக்கத்து மேசையில் குழந்தைக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து பில்லை வாங்கிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. புகார்ப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். போர்த்துகலில் எந்தக் கடையானாலும் புகார்ப் புத்தகம் ஒன்று இருந்தாக வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் நீட்டியாக வேண்டும். கேட்காமல் வைத்ததைத் தொடாதவரிடம் காசு வாங்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். புத்தகம் வரவில்லை, புது பில் வந்தது. அந்தப் பெண் எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: தான் கோயிலுக்குப் போவதில்லையாம், இந்தக் கூட்டத்துக்கு நகரம் செலவழித்த பணத்திலும் அவருக்குச் சம்மதமில்லையாம், ஆனால் ஊருக்கு வந்தவர்களை ஏமாற்றுவதைப் பார்த்துக்கொண்டு தன்னால் சாப்பிட முடியாதாம். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை.

சாளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, குடலைக்கூட எடுப்பதில்லை. கல் உப்பைத் தூவிக் கரியில் வாட்டி, அவித்த உருளைக்கிழங்கோடு வைக்கிறார்கள். முதல் வாயில் மனம் ஊர்க் குழம்பைத் தேடியது. மூன்றாவது மீனில் தேடவில்லை.

நாங்கள் தங்கிய வீடு அல்வலாடி பகுதியில். பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத் தரைதான் கிடைத்தது. என் தோழிக்கும் எனக்கும் ஒரு பாட்டியின் வீட்டில் இடம் கிடைத்தது. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். இந்த உலக இளையோர் நாளுக்கு எடுத்துக்கொண்ட விவிலியப் பகுதி, மரியா எழுந்து எலிசபெத்தின் வீட்டுக்கு விரைந்து போனது. அந்தப் பாட்டி கதவைத் திறந்த விதத்தில் அதன் பொருள் எனக்கு விளங்கியது. எங்கள் காலைத்தான் முதலில் பார்த்தார். லிஸ்பன் நடைபாதை முழுக்க கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கல் பதித்தது. பார்க்க அழகு, செருப்புப் போட்டு நடந்தால் பாதம் கொப்பளித்துவிடும். ஒரு வாளி வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து வைத்தார். அப்புறம்தான் பெயர் கேட்டார்.

அவர் பங்குக் கோயில் புனித ஜான் டி பிரிட்டோவின் பெயரில் இருப்பது அன்றிரவுதான் தெரிந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் சிவகங்கை மறைமாவட்டத்துக்காரி. எங்களுக்கு அவர் அருளானந்தர். 1647-இல் இதே லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து 1673-இல் கப்பலேறி, மதுரை மிஷனுக்கு வந்தார். காவி கட்டிப் பண்டார சுவாமியாக ஊர் ஊராக நடந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். லிஸ்பன் கூட்டத்துக்கென்று அறிவித்த பதின்மூன்று பாதுகாவலர்களில் அவரும் ஒருவர்.

ஓரியூர் மண் சிவப்பு. அவர் இரத்தம் பட்டுச் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அம்மாச்சி அந்த மண்ணைத்தான் நெற்றியில் இடுவார். அருளானந்தர் பிறந்த ஊருக்குப் போகிறோமே என்று ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன். அதைப் பாட்டியின் கையில் வைத்தேன்.

வாழ்நாளெல்லாம் அந்தப் புனிதரின் கோயிலில் மண்டியிட்டவர் அவர். புனிதர் இந்தியாவுக்குப் போய் இறந்தார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். காலையில் எழுந்து பார்த்தால் மாடிப்படி நிறைய ஆட்கள். அந்தக் கட்டடத்துக் கிழவர் கிழவிகளை எல்லாம் கூட்டிவிட்டார். அவர்களில் ஒருவரின் பேத்தி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க, நான் படியில் உட்கார்ந்து அருளானந்தரின் கதையைச் சொன்னேன். மீனும் இறைச்சியும் விட்டார் என்றதும் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார். முதல் முறை பிடிபட்டு வதைபட்டுத் தப்பிய பிறகு, 1688-இல் இதே ஊருக்குத் திரும்பி வந்திருந்தார், அரசர் இங்கேயே இருந்துவிடும்படி கேட்டார், மறுத்துவிட்டு மறுபடி கப்பலேறினார் என்று சொன்னபோது படிக்கட்டில் பேச்சே இல்லை.

பிறகு தடியத்தேவர் கதை. நோயிலிருந்து தேறி ஞானஸ்நானம் கேட்ட மறவர் குலத் தலைவர். மனைவியர் பலர் இருக்க, ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டதில்தான் அருளானந்தரின் முடிவு தொடங்கியது. பாட்டி குறுக்கே கையை நீட்டினார். "அந்தப் பெண் என்ன செய்வாள்? ஒரு நாள் காலையில் வீட்டைவிட்டுப் போ என்றால் எங்கே போவாள்? அப்புறம் அவளுக்கு என்ன ஆயிற்று?"

ஓரியூர்த் திருவிழாவில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணை எல்லாரும் கதையின் வில்லியாகவே சொல்வார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. புனிதர்மேல் எனக்குள்ள பக்தி இம்மியும் குறையவில்லை. ஆனால் இனி ஓரியூருக்குப் போகும்போது அவளுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன். பாட்டி பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தார். தனக்கு வைத்துக்கொண்டதுதான் குறைவு.

மற்ற நாள்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் எட்வர்ட் பூங்காவில் வரவேற்பு விழா. திருச்சபையில் எல்லாருக்கும் இடமுண்டு என்று சொன்ன திருத்தந்தை பிரான்சிஸ், 'எல்லாரும்' என்ற சொல்லைக் கூட்டத்தையும் சொல்லவைத்தார். பெலேம் பகுதியில் வரிசையாக 150 பாவசங்கீர்த்தனத் தொட்டிகள், சிறைக் கைதிகள் செய்து கொடுத்தவை. தோழி அவற்றில் ஒன்றில் மண்டியிட்டு, வெளியே வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

கடைசி இரவு, ஆகஸ்ட் 5, தேஜோ ஆற்றங்கரைத் திடல். வாஸ்கோ ட காமா பாலம் அருகே, ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையைக் கொட்டிய இடத்தைத் திருத்திப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். வெயிலில் மணிக்கணக்காக நடந்து போய்ச் சேர்ந்தோம். பதினைந்து லட்சம் பேர் என்றார்கள். ஆராதனையில் நற்கருணை வைக்கப்பட்டபோது அத்தனை பேரும் அடங்கினார்கள். நான் மண்டியிட்ட இடத்தில் ஒரு பிரேசில் பையன் கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். கழிப்பறைகள் நள்ளிரவுக்கு முன்பே உள்ளே போக முடியாதபடி ஆகிவிட்டன. திட்டம் போட்டவர்கள் ஒரு முறை வரிசையில் நின்று பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். விடியலில் கியர்மே பெய்ஷோத்தோ என்ற குருவானவர் மேடையேறி, டிஜேவாக இசைத்துக் கூட்டத்தை எழுப்பினார். சிஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது கண் விழித்ததும் பார்த்த திடல்: தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, கிழிந்த பாய். குப்பைமேட்டைத் திருத்தி எடுத்த மண்ணில் செபம் சொன்ன கூட்டமே மறுபடி குப்பையைப் போட்டுவிட்டுப் போவதா? எங்கள் குழு நின்ற சதுரத்தையாவது கூட்டி அள்ளினோம். பக்கத்துப் போலந்துக் குழு கேட்காமலே கைகொடுத்தது.

ஞாயிறு திருப்பலி முடிவில் அடுத்த கூட்டம் 2027-இல் தென்கொரியாவின் சியோல் நகரில் என்று திருத்தந்தை அறிவித்தார். கொரியப் பிள்ளைகள் கொடியோடு மேடைக்கு ஓடினார்கள். நான் எங்கள் குழுவை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள், வங்கி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், வெளிநாட்டில் அப்பா உள்ளவர்கள். தொண்டிக் கடற்கரையிலிருந்து ஒருவர்கூட இல்லை. சாளை பிடிக்கும் வீட்டிலிருந்து சாளை சுடும் ஊருக்கு யாரும் வரவில்லை. விமான டிக்கெட்டும் விசாவும் அவர்களால் எட்ட முடிந்த தொகையல்ல. திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஆகும் செலவைப் பங்கு தாங்குகிறது, தேர் அலங்காரத்தைத் தாங்குகிறது. ஒரு பங்குக்கு ஒரு மீனவப் பிள்ளையின் பயணச் செலவையும் தாங்க முடியும். ஊருக்கு வந்ததும் எங்கள் பங்குப் பேரவையில் இதைக் கேட்டேன். பங்கிலுள்ள அன்பியக் குழுக்கள் மாதந்தோறும் உண்டியல் எடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் மாதத் தொகை வந்துவிட்டது, கணக்கைக் கோயில் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம்.

பாத்திமாவுக்குப் போனதை அடுத்த பகுதியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

(தொடரும்)