ஆடிக் காற்றும் அடுத்தவர் கண்ணும்

ஆடி பிறந்து விட்டால் எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரியபாளையம் பவானி அம்மன் ஞாபகம் வந்துவிடும். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் கூட்டத்துக்குப் பயந்து, என்னவரின் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பி விட்டோம்.

திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் தாண்டும் வரை ஒரே லாரியும் பஸ்ஸும்தான். திருநின்றவூரில் வலது பக்கம் திரும்பினோமோ இல்லையோ, வேறு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வயல், ஏரிக்கரை, பனைமரம், நடுரோட்டில் அசைபோடும் எருமைகள். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக எங்களைப் போலவே பலர், வண்டி வண்டியாக.

அந்த ரோட்டில் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்த்தேன். எதிரே வருகிறவர் கையைத் தாழ்த்தி ஆட்டினால், ‘மெதுவாப் போங்க, முன்னால மாடோ மணலோ கிடக்கு’ என்று அர்த்தம். யாராவது ஸ்டாண்டை மடக்க மறந்திருந்தால், “ஸ்டாண்டு! ஸ்டாண்டு!” என்று நாலு பேர் கத்துகிறார்கள். இடது பக்கம் வளையும்போது அந்த ஸ்டாண்டு தரையில் இடித்தால் ஆளையே தூக்கி எறிந்து விடுமாம்.

தாமரைப்பாக்கம் கூட்டு ரோடு தாண்டியதும் காற்று பிய்த்து வாங்கியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் முந்தானை எம்மாத்திரம்! பால் கேன்கள் மாட்டிய வண்டியில் வந்த ஒரு தம்பி பக்கத்தில் வந்து, “சார், மெதுவா ஓரம் கட்டுங்க!” என்றார். வண்டி நின்ற பிறகுதான், “அக்கா, முந்தானை வீலாண்ட பறக்குது, பாருங்க” என்றார். பார்த்தால் நுனியெல்லாம் டயர் அழுக்கு! எனக்கு உடம்பு வெலவெலத்துப் போயிற்று. நன்றி சொல்வதற்குள், “எங்க அம்மாவும் இப்படித்தான் உக்காந்து வருவாங்க” என்று சிரித்து விட்டுப் போய் விட்டார்.

பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. எங்கள் வண்டியிலும் சாரி கார்டு இருக்கிறது. ஆனால் அது இருப்பது இடது பக்கம். ஒருக்களித்து உட்காரும் நமக்கு முந்தானை பறப்பதோ முதுகுப் பக்கம், சக்கரத்தின் வலது பக்கத்தில். அது நமக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. பின்னால் வருகிறவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அம்மனுக்குக் கற்பூரம் காட்டும்போது அந்தத் தம்பியைத்தான் நினைத்துக் கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் எங்களுக்கு முன்னால் ஒரு இளம் தம்பதி, நடுவில் குழந்தை. அந்தப் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தை ஒட்டி ஆடியது. ‘நமக்கேன் வம்பு’ என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு என்னவரைப் பக்கத்தில் போகச் சொல்லி, “தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா!” என்றேன். அவர் முகம் சுளித்தார். நின்ற பின் துப்பட்டாவைக் காட்டியதும் அந்தப் பெண் குழந்தையை இறுக அணைத்துக் கொண்டாள்.

சகோதரிகளே, வண்டியில் ஏறுமுன் முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் செருகிக் கொள்ளுங்கள். துப்பட்டா என்றால் பின்னால் முடிச்சுப் போடுங்கள். நமக்கும், நாலு வயது தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம். யாரையாவது எச்சரிக்கும்போது, முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். ஓடும் வண்டியில் “புடவை!” என்று கத்தினால், பதறி இழுத்து விழுந்து விடுவார்கள். யாராவது விழுந்து கிடந்தால் 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். உதவி செய்கிறவர்களுக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது.

டயர் அழுக்குப் பட்ட அந்த நுனியை எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. போகட்டும், ஒவ்வொரு தடவை அந்தப் புடவையைக் கட்டும்போதும் அது ஞாபகப்படுத்தட்டும்!