கடல்கன்னி, ஆச்சி, பின்னே கொஞ்சம் வெள்ளம்

மழைக்காக ஸ்கூலுக்கு லீவு விட்ட ஒரு நாள். பள்ளுருத்தியில் மழை என்றால் வெளியே தலைகாட்ட முடியாது. எனக்கும் ஆபீஸ் மதியத்தோடு முடிந்து, வெல்லிங்டன் தீவிலிருந்து தோப்பும்படி பாலம் தாண்டி நனைந்த கோழி மாதிரி வீடு வந்து சேர்ந்தேன். ஏழு வயசு மகள் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, போர் அடிக்குது. ஒரு படம் போடு."

ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்த ஒரு பழைய ஜப்பானிய கார்ட்டூன் படம் ஞாபகம் வந்தது. 1975-ல் டோயி கம்பெனி எடுத்த கடல்கன்னி கதை. இயக்கியவர் தொமொஹாரு கத்ஸுமாத்தா. ஆண்டர்சன் 1837-ல் எழுதிய அதே கதைதான். தங்கமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதான் டிஸ்னி படம் இருக்கே, அதைப் போடுங்களேன்" என்றார். டிஸ்னி படம் 1989-ல் வந்தது. அதில் கடல்கன்னிக்குக் கல்யாணம் நடக்கும், எல்லாம் சுபம். டோயி படம் அதற்குப் பதினாலு வருஷம் முன்னாடியே வந்தது, ஆண்டர்சன் எழுதிய முடிவை மாற்றாமல். இந்த விஷயத்தைத் தங்கமணியிடம் சொல்லாமல் மறைத்தது என் தப்பு.

டோயியைப் பற்றி ஒரு சின்னக் கொசுவத்தி. 1956-ல் தொடங்கிய ஸ்டுடியோ. ஜப்பானின் முதல் முழுநீள வண்ணக் கார்ட்டூன் படத்தை 1958-ல் எடுத்தவர்கள் இவர்கள்தான். அது சீனத்து வெள்ளைப் பாம்புக் கதை. அதைப் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்து மனம் கரைந்த ஒருவர்தான் பின்னாளில் பெரிய ஆளான மியாசாகி. அவர் 2008-ல் எடுத்த போன்யோவும் ஒருவகையில் கடல்கன்னி கதையே. ஊரான் வீட்டுக் கதையை எடுத்துத் தன் வீட்டுக் கதை மாதிரி மரியாதையாகச் சொல்வதில் ஜப்பான்காரர்கள் கில்லாடிகள். நம்ம ராமாயணத்தையே யூகோ சாகோ என்பவர் நம்ம ராம் மோகனோடு சேர்ந்து 1992-ல் எடுத்து முடிக்கவில்லையா? கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கே வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். படம் ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில எழுத்து. மகளுக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. ஆகவே டப்பிங் ஆர்ட்டிஸ்ட் அடியேன்தான். ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மரீனா என்ற குட்டிக் கடல்கன்னி, கூடவே சுற்றும் ஒரு டால்ஃபின், கப்பல், புயல், இளவரசன். மகள் எப்போது நேராக உட்கார்ந்தாள் என்றே தெரியவில்லை.

"இது நம்ம சங்குமுகத்துல கிடக்குமே, அந்த ஆன்ட்டியா?" என்றாள் நடுவில். திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் செய்த சாகரகன்யகா, 87 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும். கோபன்ஹேகனில் 1913-ல் வைத்த கடல்கன்னி சிலையின் உயரம் ஒண்ணேகால் மீட்டர்தான். ஆமாம், நம்ம ஆன்ட்டிதான் பெரிசு என்றேன். பிள்ளைக்கு அதில் ஒரு பெருமை.

சூனியக்காரி வந்தாள். மீன் வாலுக்குப் பதில் கால் வேண்டுமா, குரலைக் கொடு என்றாள். (ஆண்டர்சன் புத்தகத்தில் நாக்கையே அறுத்துவிடுவாள். அதைச் சொல்லவில்லை, எனக்கும் மனசாட்சி உண்டு.) மரீனா கால் முளைத்துக் கரைக்கு வருகிறாள். எல்லாரும் பேசுகிறார்கள், இவள் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா, இவ இனி அவளோட அக்காமார்கிட்ட எப்படி சம்சாரிக்கும்?"

ஙே என்று விழித்தேன். இளவரசனிடம் எப்படிப் பேசுவாள் என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கு நிஜமாகவே ஒரு கொசுவத்தி சுற்ற வேண்டும். போன கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடி போயிருந்தோம். வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் நடுவில் ஒரு மலை, ஒரு ராத்திரி பயணம், ஒரு பாஷை. போன முதல் நாளே மகள், "ஆச்சி, எனக்கு வெள்ளம் வேணும்" என்றாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் 2023 டிசம்பரில் நிஜ வெள்ளத்தையே பார்த்தவர்கள். "வெள்ளம் வேணுமாம்டே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர் திரும்பும்வரை அதுதான் பாட்டு. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் ஆச்சியோடு போனில் பேசுவதை நிறுத்திவிட்டாள். போனைக் கொடுத்தால் வாங்குவாள், தலையாட்டுவாள், சிரிப்பாள், திருப்பிக் கொடுத்துவிடுவாள். "என்னய்யா, பிள்ளை வாயே தொறக்க மாட்டேங்கா" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "தூக்கக் கலக்கம்மா", "ஹோம்வொர்க் இருக்கும்மா" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குக் கூச்சம் என்று நினைத்தேனே தவிர, வலி என்று நினைக்கவில்லை.

ஆண்டர்சன் புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. கரைக்குப் போன தங்கையைப் பார்க்க அக்காக்கள் ராத்திரியில் கடலின் மேலே வருவார்கள். ஒருநாள் தூரத்தில் பாட்டியும் வந்து நிற்பாள். பல வருஷமாகக் கடல் மட்டத்துக்கே வராத பாட்டி. கையை நீட்டுவாள், ஆனால் கரைக்குப் பக்கத்தில் வரமாட்டாள். அந்த இடத்தை மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

படம் முடிவுக்கு வந்தது. இளவரசனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம். அக்காக்கள் தலைமுடியை அறுத்துக் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். அவனைக் குத்தினால் மறுபடி வால் முளைக்கும், வீடு திரும்பலாம். மரீனாவால் முடியவில்லை. கடலில் குதித்துவிடுகிறாள். "அவ நுரையா கரைஞ்சு போயிட்டா" என்று சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

"கரஞ்ஞா ஏன் காணாமப் போகும்?" என்றாள் மகள்.

ஒரு நிமிஷம் புரியவில்லை. மலையாளத்தில் கரஞ்ஞு என்றால் அழுதாள். நான் கரைந்தாள் என்று சொன்னதை அவள் அழுதாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் காட்டினேன். "இதுதான் தமிழ்ல கரையிறது." அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல்கன்னிகளுக்குக் கண்ணீரே கிடையாது, அதனால்தான் அவர்களுக்கு வேதனை அதிகம் என்று ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். அதை அப்புறம் ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பிள்ளை அப்போது தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்தே கரைந்துகொண்டிருந்தாள். தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம்.

ராத்திரி வழக்கம்போல அம்மா கூப்பிட்டார். போனை நீட்டினேன். எப்போதும்போல் தலையாட்டப் போகிறாள் என்று நினைத்தபோது, "ஆச்சி, நான் ஒரு கதை பறையட்டே?" என்றாள்.

"சொல்லுட்டி ராசாத்தி."

சொன்னாள். பாதி தமிழ், பாதி மலையாளம். கடலுக்கு அடியில் ஒரு பெண்குட்டி. நிறைய வெள்ளம். வெள்ளம் என்று சொன்னதும் சட்டென்று நின்றாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமா, கடல்ல வெள்ளம் நிறைய இருக்கும்லா. பெறவு?" என்று அம்மாவின் குரல். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

கத்தி வரைக்கும் கதை வந்ததும் ஆச்சி கேட்டார்: "குத்தலையா அவனை?"

"இல்ல."

"நல்ல பிள்ளை. ஆனா பேசாம ஊருக்குத் திரும்பி வந்திருக்கலாம்லா?"

"குத்தினாத்தான் ஆச்சி திரும்பிப் போகப் பற்றும். சும்மா போகப் பற்றாது."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. பிறகு அம்மா, "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக "அடுத்த வருஷம் ஊர்ப்பக்கம் மாத்திக்கிட்டு வந்துருதேன்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பவன் நான்தானே.

இருபத்திரண்டு நிமிஷம் பேசினார்கள். நான் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்தவில்லை. மறுநாளிலிருந்து ஆச்சிக்குத் தினம் ஒரு கதை சொல்ல வேண்டுமாம், எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. அடுத்தது 1977-ல் டோயி எடுத்த அன்னப்பறவை இளவரசர்கள் கதை. அதில் அண்ணன்களைக் காப்பாற்ற ஒரு தங்கை வாய் பேசாமல் இருக்க வேண்டும். ஆனால் கடைசியில் அவள் பேசிவிடுவாள், அதனால் தங்கமணியிடம் அனுமதி கிடைத்துவிட்டது.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், முடிவு தாங்காது. வசனத்தை நம்ம பாஷையில் நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் வெள்ளமும் கொஞ்சம் சர்க்கரையும் வைத்துக்கொள்ளுங்கள்.