பத்துமலைப் படிகளில் பாதிப் பார்வை

பத்துமலைக்குப் போகாத தமிழர் இந்நாட்டில் உண்டோ? அந்த 272 படிகளை எண்ணிக்கொண்டே ஏறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இடப்பக்க உலகமே தெரியாத ஒருவருக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை, மாமாவோடு போனபோது கண்டேன்.

மாமா செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். பக்கவாதம் வந்து கைகால் தேறிவிட்டது, பார்வை தேறவில்லை. இடக்கண் கெட்டுவிட்டது என்றுதான் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியல்ல. மூளையின் வலப்புறப் பின்பகுதி அடிபட்டதால், இரண்டு கண்களுக்குமே இடப்பாதி இல்லை. மூக்குக்கண்ணாடியால் அது திரும்பாது.

"இருட்டா தெரியுதா மாமா?" என்று கேட்டேன்.

"இருட்டுமில்லே, ஒண்ணுமில்லே. ஒன் முதுகுக்குப் பின்னால ஒனக்கு என்ன தெரியுது? அதுதான்" என்றார்.

ஆகவே கதவு நிலையில் தோள் இடிக்கும். எதிரே வருபவர் மண்ணிலிருந்து முளைத்தாற்போல் திடீரென்று தோன்றுவார். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டார். 'தண்ணி போட்டிருக்கிறார்' என்று யாரோ சொன்னது காதில் விழ, அதன் பிறகு வாசலையே தாண்டாமல் இருந்தார். அத்தைக்கு அதுதான் பெருங்கவலை.

கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரை 2010 முதல் கமுட்டர் ரயில் ஓடுகிறதல்லவா, அதில் போய் இறங்கினோம். நான் அவருக்கு இடப்பக்கமாகவே நடந்தேன். 2006இல் எழுப்பிய 140 அடி முருகன் சிலைக்கு முன்னால் நின்று கும்பிட்டவர், "படி எங்கேடா?" என்றார். படிகள் சிலைக்கு இடப்பக்கம் அல்லவா இருக்கின்றன!

கைப்பிடிக் கம்பி இடக்கையில் இருக்கும்படி ஏறினார். கண் இல்லாத பக்கத்துக்குக் கை காவல். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி, தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பி ஒரு நோட்டம், பிறகு நாலு படி, மறுபடி நோட்டம். வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு இடப்பக்கமாக வந்து பறித்துக்கொண்டு போனது. பழம் போன பின்புதான் குரங்கைப் பார்த்தார். பார்வை முழுதாக உள்ளவர்களையும் அவை விடுவதில்லை என்று சிரித்துக்கொண்டோம்.

இறங்குவதுதான் கடினம். கூட்டம் எதிரே ஏறி வருகிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். கம்பியை விடாமல், யார் அவசரப்பட்டாலும் தாம் அவசரப்படாமல், முக்கால் மணி நேரத்தில் இறங்கினார்.

கீழே சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். உப்பும் ஊறுகாயும் இடது மூலையில்தானே வைப்பார்கள்? நான் வாய் திறப்பதற்குள் தலையைத் திருப்பித் தேடி, தொட்டுக்கொண்டார். தைப்பூச நெரிசலுக்கு வரமாட்டாராம். அடுத்த மாதம் ஒரு சாதாரண நாளில், அத்தையையும் அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்றார்.