கீழைக் கடலோரம் – 5: புறாத் தீவில் கால் ஊன்றாதீர்கள்

சென்ற இதழில் திருகோணமலையின் கோணேசர் மலையடிக் கடலைப் பற்றி எழுதியிருந்தேன். ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956-ல் மூழ்கிக் கோவிலின் சிதிலங்களைக் கண்ட கடல் அது. அங்கே இறங்க முதுகில் காற்று உருளை வேண்டும், முறையான பயிற்சி வேண்டும். நிலாவெளியில் அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத் தீவு. முகத்துக்கு ஒரு கண்ணாடி, வாய்க்கு ஒரு குழாய், உடம்புக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். நீந்தத் தெரியாதவர்களும் இறங்கிவிடுகிறார்கள். தீவின் மணலை விட்டுச் சில எட்டு நடந்தாலே முருகைக்கல் என்னும் பவளப்பாறை தொடங்கிவிடுகிறது. எளிதில் எட்டிவிடக்கூடிய இந்த வசதிதான் அதற்கு வினையாகவும் இருக்கிறது.

பாறைகளில் அடையும் மாடப்புறாக்களால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தீவைத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1963-ல் சரணாலயம் ஆனது, 2003-ல் தேசியப் பூங்கா. ஏறத்தாழ நூறு வகைப் பவளங்களும் முந்நூறு வகை மீன்களும் இங்கே உண்டு என்பது ஆய்வாளர்கள் கணக்கு. 1998-ல் இந்துமாக்கடல் கொதித்தபோது ஹிக்கடுவை முதலான தெற்கு, மேற்குக் கரைப் பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்துப்போனது. திருகோணமலைப் பக்கம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. அப்படி மிஞ்சிய ஒன்றைத்தான் நாம் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு படகில் ஏறுவது நல்லது.

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் முதலில் கேட்டது சத்தம். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடிப்பது மாதிரி ஒரு நொறுநொறுப்பு. திரும்பினால் கிளிமீன் ஒன்று கல்லின் மேல் படர்ந்த பாசியை அலகால் சுரண்டிக்கொண்டிருந்தது. கல்லோடு சேர்த்துக் கடித்து, அரைத்து, மணலாக வெளியே விட்டுவிடும். பாசி மண்டாமல் பவளத்தைக் காக்கும் வேலைக்காரன் அது. அதற்கு ரொட்டித் துண்டு போட்டுப் பழக்கினால் அந்த வேலை கெடும். மீனுக்குத் தீனி போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சற்றுத் தள்ளி மான்கொம்புப் பவளம். பழுப்புக் கிளைகள், நுனி மட்டும் வெளிறிய நிறம். அந்த நுனிதான் வளரும் இடம். என் நிழல் விழுந்ததும் கிளைகளுக்கு மேல் மேய்ந்த நீலப்பச்சைக் குஞ்சு மீன்கள் அத்தனையும் ஒரே வீச்சில் உள்ளே ஒடுங்கின. நான் அசையாமல் மிதந்தேன். ஒவ்வொன்றாக மறுபடி வெளியே வந்தன. கிளைக்கும் என் மார்புக்கும் ஒரு முழம்தான் இடைவெளி இருந்திருக்கும். கண்ணாடி வழியே பார்த்தால் கிளை முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர், அதன் சதைக்குள் அதற்குச் சோறு போடும் நுண்பாசி. மேலே போர்த்தியிருக்கும் அந்த உயிர்ச் சதை மிக மெல்லியது. விரல் பட்டாலே காயம்.

அங்கிருந்து படகுகள் ஒதுங்கும் பக்கம் திரும்பினேன். காட்சி மாறிவிட்டது. கிளைகளாக நின்றவை குச்சிகளாக உடைந்து, பாசி படிந்து, குவியலாகக் கிடந்தன. அதன் மேலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, மகள் கையைப் பிடித்துக்கொண்டு திணறுகிறாள், அந்த நேரத்தில் கால் தேடியது ஒரு பிடிமானத்தை. எங்கள் படகுக்காரத் தம்பி அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “அண்ணா, கல்லுல நிக்க வேணாம்! அப்பிடியே மல்லாந்து படுங்க, ஜாக்கெட் தூக்கும்!” அவர் படுத்தார், ஜாக்கெட் தூக்கியது. ஆனால் காலடியில் இருந்த இரண்டு கிளைகள் அதற்குள் முறிந்துவிட்டன.

அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குக் கடலைக் காட்ட ஆசைப்பட்டவர். பவளத்தை உடைப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான்: பதற்றத்தில் நிற்கிறார்கள். கிளைப் பவளமாவது ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டைக் கல்லாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் தாண்டினாலே அதிகம். ஒரு மீட்டர் அகலக் கல் ஒன்றைக் கண்டால் அதற்கு நம் பாட்டி வயது என்று வைத்துக்கொள்ளலாம். பதற்றத்துக்கு மருந்து அறிவிப்புப் பலகை இல்லை, பழக்கம்தான். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் ‘ஃபூ’ என்று ஓங்கி ஊத வேண்டும். கண்ணாடியில் வந்தால் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கி வடிய விட வேண்டும். இரண்டையும் கல்லில்லாத மணற்பரப்பில், இடுப்பளவு நீரில், பயம் போகும்வரை செய்து பார்த்துவிட்டால், பிறகு கால் எதையும் தேடாது. ஃபின்ஸ் போட்டவர்கள் நெட்டுக்குத்தாக நின்று உதைத்தால் அது கோடரி வேலை செய்துவிடும். உடம்பு கிடையாக இருக்கட்டும், உதை சின்னதாக இருக்கட்டும். உருளை கட்டி மூழ்குகிறவர்களுக்கும் இதே பாடம்தான். தொங்கும் குழாய்களை உடம்போடு கட்டிவிட்டு, அந்தரத்தில் நிலைத்து நிற்கப் பழகிய பிறகு கல்லுக்கு அருகில் போகலாம். கேமரா அதற்கும் பிறகு.

வெயிலுக்குக் கிரீம் பூசிக்கொண்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. ஆக்ஸிபென்சோன் என்னும் வேதிப்பொருள் பவளக் குஞ்சுகளைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டியதால், அது கலந்த கிரீம் விற்பனையைப் பலாவு தீவு 2020-லும் ஹவாய் 2021-லும் தடுத்துவிட்டன. நமக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது: முழுக்கைச் சட்டை. நிலாவெளி மீனவர்கள் காலங்காலமாகச் செய்வது.

கடல் சூடாகித்தானே பவளம் சாகிறது, என் ஒரு கால் என்ன செய்துவிடும் என்று உடன் வந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உலகம் தழுவிய நான்காவது வெளிறல் நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதை நாம் ஒரு நாள் பயணத்தில் தடுக்க முடியாது. ஆனால் வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை. நீர் குளிர்ந்தால், சூட்டில் வெளியேறிய நுண்பாசி திரும்பி வரும், கல் பிழைக்கும். அதற்குக் காயமில்லாத உடம்பு வேண்டும். வெப்பத்தில் தாக்குப்பிடித்த கிளையை நம் குதிகால் முறித்தால், தேறி எழ அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

தீவின் மறுபக்கத்தில் கருமுனைச் சுறாக்கள் மேய்கின்றன. ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பிராணி. துரத்தாமல் ஓரிடத்தில் மிதந்தால் தாமாகவே அருகில் வரும்.

போக நினைப்பவர்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். விடுமுறை நாட்களைத் தவிர்த்து, காலை முதல் படகில் போங்கள். நங்கூரத்தைக் கல்லில் போடாத படகுக்காரராகப் பாருங்கள். கரையில் கிடக்கும் வெள்ளைக் கற்களையும் எடுத்து வராதீர்கள். பூங்காவுக்குள் ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். முதல் நாள் மாலையே நிலாவெளி மணலில் குழாயோடு பழகிக்கொள்ளுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் தயவுசெய்து படகிலேயே இருங்கள்.

அடுத்த இதழில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள்.